இரண்டு கதவுக் காரும் மாஞ்சோலை ஏற்றமும்

மணிமுத்தாறு அணையைக் கடந்து வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கி உள்ளே போனால் முதலில் அருவி வரும். அதற்கு மேல் தொடங்குவது மாஞ்சோலை ஏற்றம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 8,374 ஏக்கர் நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, பாம்பே பர்மா நிறுவனம் தேயிலை போட்ட மலை இது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட் குடியிருப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அணைக்கரையிலிருந்து மாஞ்சோலைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். சாலை குறுகல். எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

ஷோரூம் விளக்கில் எல்லாக் காரும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு காரின் உண்மையான குணத்தை அறிய இப்படியொரு பாதை வேண்டும். அதிலும், இரண்டே கதவு வைத்த காரை எடைபோட இதைவிடப் பொருத்தமான இடம் தென்தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு கதவு, தாழ்ந்து பின்னோக்கிச் சரியும் கூரை, பெயருக்கு ஒரு பின் இருக்கை. மேலை நாடுகளில் கூபே என்றால் இதுதான். நம் ஊரில் அந்த வகை வேரூன்றவே இல்லை. 2024-ல் வந்த டாடா கர்வ், திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோயன் பசால்ட் ஆகியவற்றையும் கூபே என்கிறார்கள். ஆனால் அவற்றில் கூபேயின் கூரை மட்டும்தான் இருக்கிறது, பயணிகளுக்கு நான்கு கதவுகள். உண்மையிலேயே இரண்டு கதவோடு நம் சாலைகளில் பெருவாரியாக ஓடும் வண்டி மஹிந்திரா தார். கூரை சரியாது, பெட்டி போல் நிமிர்ந்து நிற்கும். ஆனால் இரண்டு கதவு என்ற முடிவால் வரும் லாப நட்டம் கூபேக்கும் இதற்கும் ஒன்றுதான். தாரை எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 15-ல் காட்டி, அக்டோபர் 2-ல் விற்பனைக்கு விட்ட இந்தப் புது வடிவம் உருவானது செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள அவர்களுடைய ஆராய்ச்சி மையத்தில். தமிழ்நாட்டில் உருவாகி, தமிழ்நாட்டு மலையில் ஏறும் வண்டி.

இரண்டு கதவைப் பலரும் தோற்றத்துக்கான முடிவு என்றே நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பின் கதவு வேண்டாம் என்று முடிவெடுத்தால் பின்சக்கரத்தை முன்னால் இழுக்கலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், குறையும். இரண்டு கதவு நமக்கு வாங்கித் தருவது அந்தக் குறைந்த வீல்பேஸைத்தான். மற்றதெல்லாம் அதன் பின்விளைவு.

தாரின் வீல்பேஸ் 2,450 மில்லிமீட்டர். அதே குடும்பத்தில் 2024-ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸின் வீல்பேஸ் 2,850 மில்லிமீட்டர். வித்தியாசம் 40 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்கும் குறைவான இந்தத் தூரம் வளைவில் என்ன செய்கிறது?

கார் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது; உள்பக்கமாகச் சுருக்கிக்கொண்டு வரும். முன் அச்சு வரையும் வட்டத்தின் ஆரத்தை வர்க்கம் செய்து, அதிலிருந்து வீல்பேஸின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் பின் அச்சின் ஆரம் கிடைக்கும். பத்தாம் வகுப்பு பிதாகரஸ்தான். ஒரு கொண்டை ஊசியில் முன் அச்சு 6 மீட்டர் ஆரத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். 2,450 மில்லிமீட்டர் வீல்பேஸுக்குப் பின் அச்சு 5.48 மீட்டர் ஆரத்தில் வரும். அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே வெட்டுகிறது. 2,850-க்கு அது 5.28 மீட்டர், உள்வெட்டு 72 சென்டிமீட்டர். அதாவது நீள வண்டியின் பின்சக்கரம் ஒரு சாண் அளவு அதிகமாகப் பாறைப் பக்கம் ஏறுகிறது. மழையில் மண் அரித்துப் போய், சாலை விளிம்பு ஒடிந்து கிடக்கும் வளைவில் அந்த ஒரு சாணில்தான் டயர் சாலையில் இருக்கிறதா, வாய்க்காலில் இறங்குகிறதா என்பது தீர்மானமாகும்.

ஊத்து வரை போகும் அரசுப் பேருந்தை நினைத்துப் பாருங்கள். வீல்பேஸை 5 மீட்டர் என்றும், முன் அச்சு 9 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றும் வைத்தால் உள்வெட்டு ஒன்றரை மீட்டர். அந்த ஓட்டுநர் வளைவின் வெளி விளிம்பு வரை மூக்கை நீட்டி, பள்ளத்தின் மேல் பம்பர் தொங்கும்போதுதான் ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். பின்சக்கரத்துக்கு இடம் விட அவருக்கு வேறு வழியில்லை. பல வருடமாக இந்த மலையில் ஜீப் ஓட்டும் ஒருவர் என்னிடம் சொன்னார்: “அண்ணாச்சி, முன் டயரு எங்க போகுதுன்னு பச்சப்புள்ள கூடப் பாத்துரும். பின் டயரு எங்க வருதுன்னு பாக்காம தெரியணும். அதான் மல ட்ரைவர்.” வீல்பேஸ் குறையக் குறைய, பாக்காம தெரிய வேண்டிய அந்தப் பாரம் குறைகிறது.

திரும்பும் வட்டத்துக்கும் இதே கணக்குதான். முன்சக்கரம் ஒடியும் கோணம் இரண்டு வண்டியிலும் ஒன்றே என்றால், வட்டத்தின் ஆரம் வீல்பேஸின் விகிதத்திலேயே கூடும். 2,450-க்கு நாலரை மீட்டர் வரும் இடத்தில் 2,850-க்கு ஐந்தேகால் வரும். ஒரே ஒடிப்பில் திரும்புவதற்கும், பாதியில் நின்று ரிவர்ஸ் எடுத்து மறுபடி ஒடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த முக்கால் மீட்டர்தான். ஏற்றத்தில், பின்னால் இன்னொரு வண்டி நிற்கும்போது ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பாதையில் மேடு ஒன்று குறுக்கே வந்தால்? முன்சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கியிருக்கும், பின்சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, நடுவயிறு மேட்டில் தட்டும். எவ்வளவு கூரான மேட்டை வயிறு தட்டாமல் தாண்டலாம் என்பதற்கு ஒரு கோணம் சொல்வார்கள். மூன்று கதவு தாருக்கு (பின்பக்கத் திறப்பையும் கதவாகச் சேர்த்து நிறுவனம் சொல்லும் கணக்கு) அது 27 பாகை. ராக்ஸுக்கு 24-க்குச் சற்றுக் குறைவு. இரண்டிலும் சேசிஸ் கட்டுமானம் ஒரே மரபு, சக்கரம் பெரியது, உயரம் தாராளம். நீளம்தான் அந்த மூன்று பாகையைத் தின்றிருக்கிறது.

இதுவரை எழுதியதெல்லாம் லாபப் பக்கம். நட்டப் பக்கமும் அதே வீல்பேஸிலிருந்துதான் கிளம்புகிறது.

பிரேக் போட்டால் எடை பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பது வண்டியின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வீல்பேஸ் எவ்வளவு என்ற இரண்டையும் பொறுத்தது. உயரம் கூடினால் கூடும். வீல்பேஸ் கூடினால் குறையும். 1,750 கிலோ வண்டி, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து முக்கால் மீட்டர், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவு பிரேக் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 2,450 மில்லிமீட்டர் வீல்பேஸில் 268 கிலோ முன்னால் மாறும். 2,850-ல் 230 கிலோ. மாஞ்சோலையிலிருந்து இறங்கும்போது சரிவே ஏற்கெனவே கொஞ்சம் எடையை முன்னால் தள்ளியிருக்கும். ஆகவே குட்டை வண்டி மூக்கை அதிகமாகக் குத்தும், பின்சக்கரம் பிடிமானத்தை அதிகமாக இழக்கும். ஈரச் சாலையில் பதற்றத்தோடு பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் அலையத் தயாராக இருக்கும். இன்றைய ஏபிஎஸ், நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இதைப் பெருமளவு சமாளிக்கின்றன. ஆனால் அவற்றின் உதவியைக் குட்டை வண்டி அடிக்கடி கேட்கும்.

ஆட்டமும் அப்படித்தான். ஒரே பள்ளத்தில் முன்சக்கரம் 10 சென்டிமீட்டர் இறங்கினால் குட்டை வண்டி அதிகக் கோணத்தில் சாயும். அச்சுகள் நெருங்கியிருப்பதால் முன் அதிர்ச்சி அடங்குவதற்குள் பின் அதிர்ச்சி வந்து சேரும். பின் இருக்கையோ ஏறக்குறையப் பின் அச்சின் மேலேயே இருக்கும். முன்னால் இருப்பவர் மலையழகைப் பார்த்துக்கொண்டு வருவார். பின்னால் இருப்பவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருவார்.

இனி, உடற்கூடு. ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்துவிட்டு மேலுறையை மட்டும் முறுக்கினால் சுலபமாக நசுங்கும். தட்டை உள்ளே தள்ளிவிட்டு முறுக்கினால் எதிர்க்கும். கார் உடம்பும் மூடிய பெட்டியாக இருக்கும் வரைதான் முறுக்கத்தைத் தாங்கும். ஒவ்வொரு கதவும் அந்தப் பெட்டியில் வெட்டிய ஓட்டை. பின் கதவு இல்லாத இடத்தில் தகடு தொடர்ச்சியாக ஓடுவதால் இரு கதவு உடம்பு இயல்பாகவே விறைப்பு அதிகம். கூபேக்களை ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர்கள் விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தார் விஷயத்தில் இந்த லாபம் அவ்வளவாக இல்லை. ஏனென்றால் இதில் உடம்பு சேசிஸ் என்ற ஏணிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது; முறுக்கத்தைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு சட்டத்தினுடையது. துணிக்கூரை வகையும் விற்றார்கள் என்பதால் மேலிருந்து விறைப்பு கிடைக்கும் என்று நம்பவும் முடியாது. அதற்காக உள்ளே உருள்கூண்டு வைத்திருக்கிறார்கள். 2020 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது. பழைய தாரில் பின்னால் எதிரெதிராகப் பக்கவாட்டில் உட்காரும் பலகை இருக்கை உண்டு. பிரேக் போட்டால் உடம்பு பக்கவாட்டில் வீசப்படும், பெல்ட்டால் தோளைச் சரியாகப் பிடிக்க முடியாது. புதுக்கிய வடிவில் முன்னோக்கிய இருக்கை வந்ததுதான், என் கணக்கில், எஞ்சினையும் திரையையும்விடப் பெரிய மாற்றம்.

கதவுக்கு வருவோம். பின் இருக்கைக்கும் வழிவிட வேண்டியிருப்பதால் இரண்டு கதவு வண்டியின் கதவு நீளமாக இருக்கும். நீளமான கதவு கனம். கீல் சுமக்கும் திருகுவிசை அதிகம். ஆண்டுகள் போனால் தொங்கும். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் இரண்டு வண்டிக்கு நடுவே 60 சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளக் கதவு அதற்குள் 37 பாகை திறக்கும். 1.3 மீட்டர் கதவு 27 பாகைதான் திறக்கும். மடித்துக் கட்டிய வேட்டியோடு வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். ஓட்டுநருக்கு ஒரு நன்மை உண்டு: நடுத்தூண் பின்னுக்குப் போய்விடுவதால் பக்கவாட்டுப் பார்வை விரியும், வளைவில் மேலிருந்து வரும் வண்டி முன்கூட்டியே கண்ணில் படும். ஆனால் அதே தூணில்தான் பெல்ட்டும் இருக்கிறது. அதை எடுக்கத் தோளைத் திருகிப் பின்னால் கை நீட்ட வேண்டும்.

பின் இருக்கையில் ஏறுவதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். இடப்பக்க முன் இருக்கையின் நெம்பியை இழுத்தால் சாய்மானம் மடங்கி இருக்கை முன்னால் நகரும். கிடைக்கும் சந்து ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு. தரையிலிருந்து படிக்கு ஒரு கால், படியிலிருந்து உள்தளத்துக்கு ஒரு கால், தலையைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, தொங்கும் பெல்ட்டைத் தள்ளிவிட்டு, பின் இருக்கையில் விழ வேண்டும். இருபது வயதுப் பையனுக்கு மூன்று விநாடி. மூட்டுவலி உள்ள ஆச்சிக்கு, சேலையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கையைத் தாங்க, ஏறுவதற்கே பெரும்பாடு. இறங்குவது அதைவிடக் கஷ்டம். 2025 அக்டோபரில் வந்த மேம்பட்ட பதிப்பில் ஏறும்போது பிடித்துக்கொள்ளத் தூணில் கைப்பிடி வைத்தார்கள், பின் இருக்கைக்குக் குளிர்காற்றுத் துளை வைத்தார்கள், பின்பக்கக் கேமரா வைத்தார்கள். தேவையான மாற்றங்கள்தான். ஆனால் சந்தின் அகலம் சந்தின் அகலம்தான், கைப்பிடி கதவாகாது.

இந்த வழக்கைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. இன்று அது பலருக்கு நினைவில்லை.

1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. இத்தாலியக் கலைஞர் ஜியோவன்னி மிக்கெலோத்தி வரைந்த கார். கூபே உருவிலும் சாதாரணக் கூரை உருவிலும் விற்றார்கள். இரண்டிலும் இரண்டு கதவுதான். அந்தக் காலத்தில் மற்ற நிறுவனங்கள் உடம்பையும் சட்டத்தையும் ஒன்றாக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தபோது, இதற்குத் தனிச் சேசிஸ் போட்டு, உடம்பைத் துண்டுதுண்டாகப் போல்ட்டில் பூட்டினார்கள். வீல்பேஸ் 2,324 மில்லிமீட்டர், இன்றைய தாரைவிடக் குறைவு. முன்சக்கரம் ஒடியும் கோணமும் அசாத்தியம். 25 அடி, அதாவது 7.6 மீட்டர் விட்டத்துக்குள் முழுவட்டம் அடிக்கும். மாஞ்சோலை வளைவுகளுக்கென்றே செய்தது போன்ற எண்கள்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. 948 சிசி எஞ்சின், இரண்டு கதவு. இங்கிலாந்தில் கணவனும் மனைவியும் கடற்கரைக்குப் போக வாங்கிய கார், நம் ஊரில் தாத்தா முதல் பேரன் வரை ஏறும் குடும்பக் காராயிற்று. பின்னால் ஏற முன் இருக்கையை மடிக்க வேண்டும். அந்த இருக்கையில் வீட்டுப் பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவரை இறங்கச் சொல்வது எப்படி? இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்தில் விடை தேடவில்லை, சென்னையில் தேடினார்கள். உடம்பில் இன்னும் இரண்டு கதவு வெட்டி நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். உலகில் வேறெங்கும் செய்யாத, இந்தியாவுக்கு மட்டுமே உரிய வடிவம் அது. பாரத்தைச் சேசிஸ் தாங்கும் காரில் பக்கத் தகட்டை வெட்டுவது எளிது. ஒற்றை உடம்புக் காரில் இப்படி வெட்டியிருந்தால் முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.

கதவுக் குறை தீர்ந்தது. ஆனால் ஹெரால்டின் பெரிய குறை கதவில் இல்லை, பின் அச்சில் இருந்தது.

அந்தக் காரின் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி அரைத்தண்டுகளில் மாட்டியவை. நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியின் அருகே மட்டும் ஒவ்வொரு தண்டும் மேலும் கீழும் ஊசலாடும். சக்கரம் தண்டோடு இறுகப் பொருத்தியிருப்பதால் தண்டு சாய்ந்தால் சக்கரமும் சாயும். தண்டின் நீளம் அரை மீட்டர் என்று கொண்டால், 5 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கத்துக்குச் சக்கரம் கிட்டத்தட்ட 6 பாகை சாய்கிறது. ஆட்களும் மூட்டைகளும் ஏறி உடம்பு அமுங்கினால் இரண்டு பின்சக்கரமும் மேலே நெருங்கி, கீழே விரிந்து நிற்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். ஆள் குறைந்து வேகமாக வளைவில் போகும்போது எதிர்மாறு. வெளிச்சக்கரத்தின் மேல் வரும் பக்கவிசை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். தூக்கினால் சக்கரம் கீழே உள்பக்கம் மடியும். மடிந்தால் இன்னும் தூக்கும். பிடி திடீரென்று விட்டுப்போகும்.

இதே அச்சு வகைதான் அமெரிக்காவில் பெரும் சர்ச்சையாயிற்று. 1960 மாடலாக வந்த செவர்லே கார்வேர் காரின் பின்சக்கரமும் இப்படித்தான் ஊசலாடியது. இரண்டு கதவுக் கூபே உருவில் இளைஞர்களிடம் நன்றாக விற்ற கார் அது. ரால்ஃப் நேடர் 1965-ல் வாகனப் பாதுகாப்பு பற்றி எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதைப் பற்றியது. விந்தை என்னவென்றால், அதே 1965-க்கான புது வடிவில் நிறுவனம் பின் அச்சை முழுவதும் மாற்றிக் குறையைத் தீர்த்துவிட்டது. ஆனாலும் பெயர் மீளவில்லை. 1969-ல் உற்பத்தி நின்றது. 1972-ல் வந்த அரசுச் சோதனை அறிக்கை, பழைய கார்வேர்கூட அக்காலத்து மற்றக் கார்களைவிட மோசமில்லை என்றது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சென்னையில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை. 1972-ல் ஸ்டாண்டர்டு கேசல் என்ற புதுக்கிய காரில் ஊசல் அச்சையே எடுத்துவிட்டு, இரு சக்கரத்தையும் ஒரே தண்டாகப் பிணைக்கும் அச்சைப் போட்டார்கள். நம் மெக்கானிக்குகளுக்கு லாரியிலும் ஜீப்பிலும் கைவந்த பழைய முறை. சக்கரம் நிமிர்ந்தே நிற்கும்; டயர் சீராகத் தேயும். இதற்குக் கொடுத்த விலை, சவாரிச் சுகம்: கனமான தண்டு முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதால் ஒரு பக்கத்துப் பள்ளம் மறுபக்கத்தையும் உலுக்கும். கேசல் குறைந்த எண்ணிக்கையில் 1977 வரை வந்து நின்றுபோனது. சந்தையில் தோற்ற கார்தான். ஆனால் பொறியியல் முடிவாக அது சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம். தாரின் பின் அச்சைக் குனிந்து பாருங்கள்: இன்றும் ஒரே தண்டுதான். கமான் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்கும், தண்டு அங்குமிங்கும் அலையாமல் பிடிக்கும் இணைப்புக் கம்பிகளும் வந்திருக்கின்றன, அடிப்படை மாறவில்லை. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு மறுசக்கரத்தைத் தரையோடு அழுத்தும். மலைப்பாதையில் அந்தப் பிடிமானம் வேண்டும்.

கூரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். தார் போன்ற ஒரு பெட்டி வண்டிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 600 நியூட்டன் எதிர்ப்பு என்று கணக்கிடலாம். நன்றாகச் சரிந்த கூபேக்கு அதில் பாதிகூட வராது. மதுரை நான்குவழிச் சாலையில் டீசல் கணக்கில் இது நன்றாகவே தெரியும். மாஞ்சோலை ஏற்றத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் அதே பெட்டி வண்டிக்குக் காற்று 40 நியூட்டன்தான்; 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும் சரிவோ 860 நியூட்டனால் பின்னுக்கு இழுக்கிறது. இங்கே சரிந்த கூரையால் ஒரு பைசா லாபமில்லை. பின்னால் இருப்பவரின் தலை இடிப்பதுதான் மிச்சம்.

ஆக, யாருக்கு எது? மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பை பக்கத்தில் இருந்துகொண்டு, பெரும்பாலும் ஒருவரோ இருவரோ சாமான்களோடு மலைக்கும் தோட்டத்துக்கும் போய்வருபவருக்கு இரண்டு கதவுதான் சரி. அந்த 40 சென்டிமீட்டர் ஒவ்வொரு வளைவிலும் உழைக்கும். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், மாதம் ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் போக வேண்டும் என்பவருக்கு அது தவறான வண்டி. எவ்வளவு புதுக்கினாலும் தவறான வண்டி. அவருக்குச் சென்னை அறுபதுகளிலேயே பதில் சொல்லிவிட்டது. இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர் நீள வண்டியை எடுத்துக்கொண்டு, பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடம் கூடுதலாக விடப் பழகிக்கொள்வதே மேல். கை பழகிவிடும், மூட்டுவலி பழகாது.

மலைக்குப் போகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன் வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது கிட்டத்தட்ட 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் எங்காவது வெப்பமாகக் கரைந்தாக வேண்டும். அதை முழுவதும் பிரேக்கின் மேல் சுமத்தாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இந்தச் சாலை 1988-ல் உருவான களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் பாதை. நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதற்காகச் சாலையை விட்டு ஓடைக்குள்ளோ புல்வெளிக்குள்ளோ வண்டியை இறக்கக் கூடாது. வண்டியின் திறனைச் சோதிக்க வேறு இடம் இருக்கிறது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஓட்டிப் பார்க்க ஷோரூமுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். வீட்டில் மிக வயதானவரைக் கூட்டிக்கொண்டு போய், முதலில் அவரைப் பின் இருக்கையில் ஏற்றி இறக்குங்கள். நீங்களும் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து, வேறொருவரை மேடுபள்ளச் சாலையில் அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை அதற்குப் பிறகு தொடுங்கள். முன்பணத்தை அதற்கும் பிறகு கொடுங்கள்.